மாத மளிகை: அண்ணாச்சி கடையா, செயின் கடையா?

எங்கள் வீட்டு மாத மளிகையை எங்கே வாங்குவது என்ற பேச்சு ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்தது. சென்னை நங்கநல்லூரில் நாங்கள் இருக்கும் பகுதியில், நடந்து போகும் தூரத்திலேயே செயின் சூப்பர்மார்க்கெட்டுகள் மூன்று வந்துவிட்டன. ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்றாக இருந்த மளிகைக் கடைகளில் மிச்சம் இருப்பது ஒன்றுதான். சில வருடங்கள் பாதி இங்கே, பாதி அங்கே என்று வாங்கினோம். இப்போது அரிசி, பருப்பு, புளி, மிளகாய், வெல்லம் எல்லாம் அண்ணாச்சி கடையில், சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் மட்டும் செயின் கடையில் என்று முடிவாகிவிட்டது. பணமாகப் பார்த்தால் மாத பில்லில் பெரும்பகுதி அண்ணாச்சிக்குத்தான் போகிறது. ஏன் என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாக முடித்துவிடுகிறேன். செயின் கடையில் ஏசி உண்டு, வண்டி நிறுத்த இடம் உண்டு, குழந்தையைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து நிதானமாகச் சுற்றலாம். நாலு கம்பெனி ஓட்ஸ், விதவிதமான சீஸ், பாஸ்தா எல்லாம் கிடைக்கும். அண்ணாச்சி கடையில் நாம் வாசலில் நின்று கேட்க வேண்டும், அவர் எடுத்துத் தர வேண்டும். கூட்டம் இருந்தால் காத்திருக்க வேண்டும். காலை ஆறு மணிக்குத் திறக்கிறார், இரவு பத்துக்கு மேல்தான் மூடுகிறார். மே 5 வணிகர் தினத்தன்று கடை இருக்காது. யுபிஐ இரண்டு இடத்திலும் ஓடுகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது இரண்டிலும் உண்டு.

விலை? சோப்பு, ஷாம்பு, டீத்தூள், பாக்கெட் எண்ணெய் எல்லாம் செயின் கடையில்தான் மலிவு. இதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. செயின் நிறுவனம் மொத்தமாக கம்பெனியிடமே பேசி வாங்குகிறது. அண்ணாச்சிக்கு சரக்கு ஏஜென்சி வழியாக வருகிறது, நடுவில் ஒரு கை கூடுதல். இந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால், 2022 தொடக்கத்தில் நாடு முழுக்க இருக்கும் விநியோகஸ்தர்களின் கூட்டமைப்பே, எங்களுக்கு ஒரு விலை, பெரிய நிறுவனங்களுக்கு ஒரு விலையா என்று சோப்பு, பற்பசை தயாரிக்கும் பெரிய கம்பெனிகளோடு சண்டைக்கு நின்றது. செயின் கடையில் ஆஃபர் போட்டு விற்கும் விலை, அண்ணாச்சி ஏஜென்சியிடம் வாங்கும் விலையைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. அவர் எம்ஆர்பிக்கே விற்கிறார் என்பதால் கொள்ளை லாபம் வைக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

அதனால்தான் சோப்பு, பேஸ்ட் மாதிரிப் பாக்கெட் சாமான்களை நாங்கள் செயின் கடையில் வாங்குகிறோம். எங்கே வாங்கினாலும் அதே சோப்பு, அதே பேஸ்ட். அதை விற்பவருக்கு அதைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அரிசி அப்படி இல்லை. என் முடிவு முழுக்க அரிசியை வைத்துத்தான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் மாத மளிகையில் ஒரே பொருளுக்குப் போகும் பெரிய தொகை அரிசி மூட்டைக்குத்தான். பல வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும். அது சரியில்லை என்றால் ஒரு மாதம் முழுக்க தினமும் இரண்டு வேளை அந்தக் குறையோடு சாப்பிட வேண்டியிருக்கிறது. சோப்பில் மிச்சம் பிடிக்கிற இருபது முப்பது ரூபாயெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது.

அரிசியில் முதல் கேள்வி ரகம், இரண்டாவது கேள்வி வயது. ரகம் என்று பார்த்தால் பையில் எல்லாவற்றுக்கும் பொன்னி என்றுதான் போட்டிருக்கிறது. வெள்ளைப் பொன்னி நம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த ரகம். இன்றைக்குக் கடையில் டீலக்ஸ் பொன்னி, கர்நாடகா பொன்னி, ராஜபோகம் என்று எத்தனையோ பெயர்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு மில் அரிசி ஒரே மாதிரி வேகாது. செங்குன்றத்தில் அரைத்தது, ஆரணியில் அரைத்தது, காங்கேயம் பக்கம் அரைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம். நெல்லை எவ்வளவு நேரம் அவித்தார்கள், எவ்வளவு பாலிஷ் போட்டார்கள் என்பதைப் பொறுத்து சோறு மாறும்.

வயது அதைவிட முக்கியம். அறுவடை முடிந்து சில மாதங்களே ஆன அரிசி தண்ணீரைக் கொஞ்சமாகத்தான் வாங்கும், சீக்கிரம் குழையும், பருக்கை ஒன்றோடொன்று ஒட்டும். ஒரு வருடம் கிடந்த அரிசி இறுகிப்போயிருக்கும், நிறையத் தண்ணீர் குடிக்கும், நன்றாக மலரும், உதிரியாக வரும். ஒரே ஆழாக்கில் பழைய அரிசி வடித்தால் இன்னும் ஒருவருக்குச் சேர்த்துக் காணும். அதனால்தான் பழைய அரிசிக்கு விலை கூடுதல். செயின் கடைப் பையைத் திருப்பிப் பாருங்கள். பேக் செய்த மாதம் இருக்கும், எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று இருக்கும். நெல் அறுத்த மாதம் பெரும்பாலும் இருக்காது. சில பெரிய பிராண்டுகள் இத்தனை மாதம் முதிர்ந்தது என்று போடுகின்றன, குறிப்பாக பாஸ்மதியில். நாம் தினமும் சாப்பிடும் புழுங்கல் அரிசிப் பைகளில் நான் தேடியவரை அப்படி எதுவும் கண்ணில் படவில்லை.

இப்போது அண்ணாச்சி என்ன செய்கிறார் என்று பாருங்கள். மூட்டை வேண்டும் என்றால் உடனே தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். குழாய் மாதிரி இருக்கும் குத்தூசியைச் சாக்கின் பக்கவாட்டில் செருகி ஒரு கைப்பிடி அரிசியைச் சரியவிடுவார். அதை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்ப்பார். இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, கையில் வெள்ளையாக மாவு ஒட்டுகிறதா என்று காட்டுவார். புதுசில் அது நிறைய ஒட்டும், பழசில் அவ்வளவு இருக்காது. நிறத்தில் லேசாகப் பழுப்பு ஏறியிருக்கிறதா என்று நம்மையும் பார்க்கச் சொல்வார். நாலு பருக்கையை வாயில் போட்டுக் கடிப்பார். புதுசு நசுங்கும், பழசு பட்டென்று உடையும். அப்புறம் சொல்வார்: “இது தை மாச நெல்லு அக்கா, இன்னும் பழசாகல. ஒரு தம்ளருக்கு மூணு தம்ளர் தண்ணி வச்சா கஞ்சியாயிரும். ரெண்டரை போதும். பழசுதான் வேணும்னா அடுத்த வாரம் ஒரு லோடு வருது, அதுவரைக்கும் அஞ்சு கிலோ மட்டும் வாங்கிக்கிடுங்க.”

என்னை அவர் பக்கம் சாய்த்தது இந்தக் கடைசி வாக்கியம்தான். கையில் பணத்தோடு மூட்டை கேட்டு வந்தவரிடம், அஞ்சு கிலோ மட்டும் வாங்கிக்கொள், மிச்சத்தை அடுத்த வாரம் வாங்கு என்று சொல்லும் கடை. செயின் கடையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அப்படிச் சொல்ல அங்கே ஆளே இல்லை. அந்தச் சரக்கை வாங்கியவர் வேறு ஊரில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறார், அடுக்கி வைப்பவர் ஒருவர், பில் போடுபவர் ஒருவர். அரிசியைப் பற்றித் தெரிந்தவரும் அதைச் சாப்பிடப் போகிறவரும் சந்தித்துக்கொள்வதே இல்லை.

ஒரு முறை ஒரு செயின் கடையில் வாங்கிய பையில் சோறு குழைந்துகொண்டே இருந்தது. தண்ணீரைக் குறைத்தால் நடுவில் விறைப்பு, கூட்டினால் கூழ். பையைக் கொண்டுபோனோம். பில் இருந்தது, ஆனால் பை பிரித்தாகிவிட்டதே என்றார்கள். அரிசியைப் பிரித்து உலையில் போடாமல் எப்படித் தெரியும்? கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். “எங்களுக்குத் தெரியாதுங்க, சரக்கு கோடவுன்லேர்ந்து வருது, கஸ்டமர் கேர் நம்பர் இருக்கு பாருங்க” என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

அண்ணாச்சி கடையில் இதே மாதிரி ஆனபோது, பாதி காலியான மூட்டையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். இருக்கிறதை எடை போட்டார், அந்த அளவுக்கு வேறு அரிசி கொடுத்தார், கூடுதல் விலைக்கான வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். நாம் திருப்பிக் கொடுத்த அரிசியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். புது அரிசி என்றால் இட்லி, தோசை மாவு அரைத்து விற்பவர்களில் வாங்கிக்கொள்ளும் ஆள் இருக்கிறார்களாம், அவர்களிடம் சொல்லியே கொடுத்துவிடுவாராம். மில்காரரிடமும் அந்த லோடு பற்றிப் பேசியிருக்கிறார். இந்தத் தகவல் தெருவிலிருந்து மில் வரைக்கும் திரும்பிப் போகிறது பாருங்கள், இதை எந்தக் கஸ்டமர் கேர் நம்பரும் எனக்குச் செய்து தந்ததில்லை.

இதோடு வரிக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். 25 கிலோவைத் தாண்டினால் அந்த வரி இல்லை. அதனால்தான் 26 கிலோ மூட்டை என்று ஒன்று திடீரென்று எல்லா அரிசிக் கடையிலும் வந்து உட்கார்ந்தது. சாக்கிலிருந்து அள்ளி எடை போட்டுக் கொடுக்கும் அரிசிக்கும் அந்த வரி கிடையாது. ஆக, ஐந்து கிலோ, பத்து கிலோ வாங்கும் சின்னக் குடும்பத்துக்கு, அண்ணாச்சி கடையில் சில்லறையாக வாங்குவது விலையிலும் சாதகம். செயின் கடையில் அளவு குறைந்தால் அது பெரும்பாலும் பையில்தான் வரும். சில செயின் கடைகளில் தொட்டியில் அரிசியைக் கொட்டி, நாமே அள்ளிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் தொட்டி பக்கத்தில் நின்று எது பழசு என்று சொல்ல ஆள் வேண்டும் அல்லவா, அது இல்லை.

பருப்பு, புளி, மிளகாய்க்கும் இதே கதைதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். துவரம்பருப்பு நாள்பட்டுவிட்டால் எத்தனை விசில் விட்டாலும் வேகாது. அப்படிப்பட்ட சரக்கு வந்திருந்தால் அண்ணாச்சி அரை கிலோவுக்கு மேல் தர யோசிப்பார். மாசி, பங்குனியில் புதுப் புளி இறங்கும்போது வருடத்துக்கு வேண்டியதை வாங்கி, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, உப்புப் போட்டு ஜாடியில் வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. புதுசு வந்ததும் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார். ராமநாதபுரம் குண்டு மிளகாயும் அப்படித்தான். செயின் கடையில் வருடம் பூராவும் ஒரே பாக்கெட், அதில் பருவம் என்பதே தெரிவதில்லை.

பற்றுக் கணக்கு பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு அதன் தேவை இப்போது குறைவு என்பதால் அதை என் காரணமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தெருவில் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் நாலைந்து குடும்பங்கள் அந்த நீளமான கணக்கு நோட்டை நம்பித்தான் மாதக் கடைசியைத் தள்ளுகின்றன. வட்டி கிடையாது. பத்து ரூபாய்க்கு எண்ணெய்ப் பாக்கெட், ஐந்து ரூபாய்க்கு மிளகு என்று கேட்டால் முகம் சுளிக்காமல் கிடைக்கும். இந்தக் கடனுக்குப் பின்னால் இன்னொரு கடன் உண்டு. மொத்த வியாபாரி அண்ணாச்சிக்கு ஒரு வாரம், பத்து நாள் தவணை தருகிறார், அதை இவர் தெருவுக்கு ஒரு மாதமாக நீட்டுகிறார். நடுவில் இருக்கும் இருபது நாள் பாரம் இவர் தோளில். தென்மாவட்டத்திலிருந்து வந்து கடை போட்டவர்கள் இந்த மாதிரிக் கைமாற்று, வியாபாரத்தில் ஒரு பங்கைப் பொதுநிதிக்குக் கொடுக்கும் மகமை, சொந்தச் சமூகத்தார் கூடி நடத்தும் உறவின்முறை என்ற ஏற்பாட்டிலேயே வளர்ந்தவர்கள். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று தொடங்கி இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாக நிற்பதும் அந்த மண்ணிலிருந்து முளைத்ததுதான்.

இனி, செயின் கடைக்கு நேர்மையாகக் கொடுக்க வேண்டிய மதிப்பெண்கள்.

முதலாவது, யாரும் நம்மைக் கவனிப்பதில்லை. அண்ணாச்சி கடையில் யார் வீட்டில் என்ன வாங்குகிறார்கள், யார் இந்த மாதம் நெய் வாங்கவில்லை, யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். பெண்கள் நாப்கின் கேட்கக் குரலைத் தாழ்த்தி, அவர் அதைப் பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்து, அதை மறைத்துக்கொண்டு போன காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. செயின் கடையில் அலமாரியிலிருந்து எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். என் மகள் வயதுப் பெண்கள் இதை ஒரு பெரிய விடுதலையாகவே சொல்கிறார்கள். அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. சாதி, வாடகை வீடு, வெளிமாநிலம் என்று பார்த்து மரியாதை கூட்டிக் குறைக்கும் கடைக்காரர்களும் இருந்திருக்கிறார்கள். தானியங்கிக் கதவு எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் திறக்கிறது.

இரண்டாவது, சுத்தம். என் சிறு வயதில் எங்கள் தெருவில் இருந்த மளிகைக் கடையில் பொட்டலம் மடிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பேப்பர்த் துண்டைக் கூம்பாகச் சுருட்டி, கடுகைக் கொட்டி, வாயை மடித்துச் செருகி, தலைக்கு மேல் தொங்கும் நூற்கண்டிலிருந்து நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி, விரலால் ஒரே சுண்டில் அறுப்பார்கள். அந்தக் கைவேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் செய்தித்தாள் மையில் உணவுப் பொருளைச் சுற்றக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்கிறது, அது சரியானதும்கூட. எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதில் கலப்படம் நடந்திருக்கிறது. பாக்கெட்டில் வாங்குவதே பாதுகாப்பு. எங்கள் அண்ணாச்சி இப்போது கவரில்தான் கட்டித் தருகிறார். என்றாலும் மழைக்காலத்தில் அந்தக் கடையின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று நான் போய்ப் பார்த்ததில்லை.

மூன்றாவது, வேலை செய்கிறவர்கள். இதில் இரண்டு பக்கமும் எனக்கு நிம்மதி இல்லை. ஊரிலிருந்து அழைத்துவந்த பையன்கள் கடைக்குள்ளேயே தூங்கி, விடிவதற்கு முன் எழுந்து, பல வருடம் கைச்செலவுக்கு மட்டும் வேலை பார்த்துத்தான் பழைய மளிகைக் கடைகள் ஓடின. அப்படி வந்த பையன்களில் பலர் பின்னால் சொந்தக் கடை போட்டார்கள் என்பது உண்மை. எல்லோரும் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. செயின் கடையில் சம்பளச் சீட்டு, பி.எஃப். என்று முறைப்படி இருக்கும். ஆனால் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அடுத்த முறை பில் போடும் இடத்தில் நிற்கும்போது அங்கே ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணாச்சி கடைக்கும் அதே சட்டம்தான்.

சரி, கடைகள் ஏன் குறைந்தன? செயின் கடைகள் வந்ததால்தான் என்று ஒரே வரியில் சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் எங்கள் பகுதியில் மூடிய கடைகளை எடுத்துப் பார்த்தால் காரணம் ஒன்றாக இல்லை. ஒன்றில் பழைய கட்டடத்தை இடித்து ஃபிளாட் கட்டினார்கள், புது வாடகை கட்டுப்படியாகவில்லை. இன்னொன்றில் பிள்ளைகள் இரண்டு பேரும் இன்ஜினியரிங் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள், அப்பாவுக்கு முட்டி வலி. பிள்ளைகள் இந்தக் கல்லாவில் உட்காரக் கூடாது என்பதற்காகவே பதினாறு மணி நேரம் உழைத்தவர் அவர். மூன்றாவது மட்டும்தான், எதிரே செயின் கடை வந்த பிறகு பாக்கெட் சாமான் வியாபாரம் படுத்து, அரிசி பருப்பை மட்டும் வைத்துத் தாக்குப்பிடிக்க முடியாமல் மூடியது. எங்களைப் போல சோப்பை அங்கேயும் அரிசியை இங்கேயும் வாங்குகிறவர்கள் கூடிப்போனால் எந்த மளிகைக் கடைக்கும் இதுதான் நிலை. அது தெரிந்துதான் இப்போது டீத்தூளையும் எண்ணெயையும் அண்ணாச்சி கடைக்கே மாற்றிவிட்டோம். மாதம் கொஞ்சம் கூடுதல் செலவு, பரவாயில்லை.

செயின் கடை விஷயத்தில் சென்னைக்கு அனுபவம் அதிகம். காய்கறி மொத்த வியாபாரம் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறிய அதே 1996இல்தான் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஃபுட்வேர்ல்டின் முதல் கடை திறந்தது. அடுத்த வருடம் திருவான்மியூரில் சுபிக்ஷா வந்தது. ஏசி இல்லை, அலங்காரம் இல்லை, விலை குறைவு. பத்தே வருடத்தில் நாடு முழுக்க சுமார் 1,600 கடைகள். 2009இல் பணம் புரளாமல் மொத்தமும் மூடிவிட்டது. ஊழியர்களுக்குச் சம்பள பாக்கி, சரக்கு கொடுத்தவர்களுக்கு பாக்கி. அந்தப் பத்து வருடத்தில் பக்கத்துத் தெருக்களில் வியாபாரம் இழந்து போன மளிகைக் கடைகள், சுபிக்ஷா போனதும் திரும்பி வரவில்லை. நீலகிரீஸ் கதை வேறு மாதிரி. 1905இல் ஒரு குடும்பம் தொடங்கிய கடை, வெண்ணெய்க்கும் ரொட்டிக்கும் பெயர் வாங்கியது. அதுவே செயினாக வளர்ந்து, கைமாறி, 2014இல் பிக் பஜார் கடைகளை நடத்திய ஃபியூச்சர் குழுமத்திடம் போனது. அந்தக் குழுமமும் பின்னர் கடனில் மூழ்கிவிட்டது.

2012இல் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தபோது வணிகர் சங்கங்கள் கொதித்தெழுந்தன, தமிழ்நாட்டுக்குள் விடமாட்டேன் என்று ஜெயலலிதா அரசு சொன்னது. அன்றைக்கு எல்லோரும் அமெரிக்காவின் வால்மார்ட்டைப் பார்த்துத்தான் பயந்தார்கள். எங்கள் தெருமுனைக்கு வந்து சேர்ந்ததோ நம் நாட்டு நிறுவனங்களே. கடை எந்த நாட்டுக்காரருடையது என்பதைவிட, அதைத் திறக்கவும் மூடவும் முடிவெடுப்பவர் நம் தெருவை எப்போதாவது பார்த்திருக்கிறாரா என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அண்ணாச்சி கடையை மூடுவதாக இருந்தால் அதற்கு ஆறு மாதம் முன்பே தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், பாக்கியை வசூல் பண்ணவாவது சொல்லியாக வேண்டும்.

பத்து நிமிடத்தில் கொண்டுவரும் ஆப்களைப் பற்றியும் கேட்கிறார்கள். எனக்கு அதில் அனுபவம் குறைவு. பால், ரொட்டி, அவசரத்துக்குக் கொத்தமல்லி என்று வாங்கியதோடு சரி. அரிசி வாங்கிப் பார்த்ததில்லை. பாக்கெட் சாமான்களில் செயின் கடைக்கே அவை போட்டியாக இருக்கின்றன என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. சின்ன ஊர்களில் நிலைமை எப்படி என்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மதுரைப் பக்கம் உறவினர் வீடுகளில் இன்னும் கடைவீதி மளிகைதான்.

உங்கள் பகுதியில் இன்னும் ஒரு குடும்பக் கடை இருந்து, மாறலாமா என்று யோசித்தால், எடுத்தவுடன் மாத லிஸ்டைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம். எல்லாக் கடைக்காரரும் எங்கள் அண்ணாச்சி மாதிரி இருப்பார் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. முதலில் இரண்டு கிலோ அரிசி சில்லறையாக வாங்குங்கள். இது எப்போது வந்த லோடு, எந்த மில், எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். சொன்னபடியே வடித்துப் பாருங்கள். சொன்னது சரியாக இருந்தால் அடுத்த மாதம் மூட்டை வாங்கலாம். சரியாக வரவில்லை என்றால் மிச்ச அரிசியோடு போய் நின்று பாருங்கள். திருப்பி வாங்கிக்கொண்டால் துணிந்து கணக்கு ஆரம்பிக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் உங்கள் செயின் கடையிலேயே தொடருங்கள், அங்கே விலையாவது குறைவு. கேட்கும்போது கூட்டமில்லாத மதிய நேரமாகப் பார்த்துப் போங்கள். காலை ஏழு மணிக்குப் பால் வாங்க நிற்கும் கூட்டத்தில் போய் அரிசியின் வயதைக் கேட்டால் எந்தக் கடைக்காரராலும் பொறுமையாகப் பதில் சொல்ல முடியாது.